டீச்சர் விளையாட்டில் குச்சி யார் கையில்? பாவனை விளையாட்டும் பிள்ளைகளின் இரக்கமும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராசிபுரம், ஓமலூர், பரமத்திவேலூர் பக்கம் ஏதாவது ஒரு தெருவுக்குள் போனால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வேப்பமரத்தடியிலோ திண்ணையிலோ நாலைந்து பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எதிரே ஆறு வயதுப் பெண் பிள்ளை ஒன்று, அம்மாவின் துப்பட்டாவைச் சேலையாகச் சுற்றிக்கொண்டு நிற்கும். டீச்சர் விளையாட்டு ஆரம்பம். சாக்பீஸ் இருக்கோ இல்லையோ, டீச்சர் முதலில் தேடுவது குச்சியைத்தான்.

"ஏன்டா ஹோம்வொர்க் எழுதல? கையை நீட்டு!"

நீட்டப்படும் கை பெரும்பாலும் அந்தக் கூட்டத்திலேயே சின்னப் பிள்ளையின் கை. விழுவது பொய் அடிதான். ஆனால் அந்தக் குரலும், முறைப்பும், கை ஓங்கும் விதமும் பொய் இல்லை. எங்கேயோ பார்த்தது அப்படியே வந்து இறங்குகிறது.

'பிள்ளைக்கு இரக்க குணம் வரணுமா? பாவனை விளையாட்டு விளையாட விடுங்க' என்று பெற்றோருக்கான வீடியோக்கள் சொல்கின்றன. பிளே ஸ்கூல் விளம்பரங்களும் இதையே சொல்கின்றன. நல்ல யோசனைதான். ஆனால் குச்சியோடு நிற்கும் அந்தக் குட்டி டீச்சர் எந்த இரக்கத்தைக் கற்றுக்கொள்கிறார்? விளையாட விட்டால் மட்டும் போதுமா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன? சேலம், நாமக்கல் மாதிரி 'படிப்பு, படிப்பு' என்று ஓடும் ஊர்களில் இதற்கு இடம் இருக்கிறதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாவனை விளையாட்டு என்பது எது?

ஒன்றை இன்னொன்றாக வைத்துக்கொண்டு விளையாடுவதுதான். கொட்டாங்குச்சி சட்டியாகும், மண் சோறாகும், செங்கல் லாரியாகும். சோறாக்கி விளையாடுவது, அப்பா அம்மா விளையாட்டு, கடை விளையாட்டு, கயிற்றுக்குள் வரிசையாக நின்று ஓடும் பஸ் விளையாட்டு எல்லாம் இதில் சேரும்.

ஊரின் தொழில் மாறினால் விளையாட்டும் மாறும். நாமக்கல்லில் லாரிக்காரர் வீட்டுப் பையன் டிரைவராகி, தம்பியைக் கிளீனராக்கி 'லைனுக்கு'ப் போவான். பள்ளிபாளையம், குமாரபாளையத்துப் பிள்ளைகள் வாயாலேயே தறிச் சத்தம் போட்டுப் புடவை நெய்வார்கள். பிள்ளை தன்னைச் சுற்றி இருக்கிற உலகத்தைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கும் வழி இது.

ஒன்றரை வயதுவாக்கில் இது தொடங்கும். காலி டம்ளரை வாயில் வைத்துக் குடிப்பதுபோலக் காட்டும். இரண்டு வயதில் பொம்மைக்கு ஊட்டிவிடும். மூன்று, நான்கு வயதில் வேஷம் வந்துவிடும்: 'நான்தான் அம்மா, நீ பாப்பா.'

நான்கு வயதையொட்டி மனதில் இன்னொரு மாற்றமும் நடக்கிறது. அம்மா டப்பாவில் வைத்துவிட்டுப் போன மிட்டாயை அப்பா எடுத்து பிரிட்ஜில் வைத்துவிட்டார். திரும்பி வரும் அம்மா எங்கே தேடுவார்? மூன்று வயதுப் பிள்ளை பெரும்பாலும் 'பிரிட்ஜில்' என்றே சொல்லும். தனக்குத் தெரிந்தது அம்மாவுக்கும் தெரியும் என்பது அதன் கணக்கு. நான்கு, ஐந்து வயதில்தான் 'டப்பாவில் தேடுவாங்க, அவங்களுக்குத் தெரியாதுல்ல' என்ற பதில் வரும். அடுத்தவர் மனதில் இருப்பது தன் மனதில் இருப்பதிலிருந்து வேறுபடலாம் என்று பிடிபடும் வயது அது. வேஷம் கட்டும் விளையாட்டு உச்சத்தில் இருப்பதும் கிட்டத்தட்ட இதே வயதில்தான்.

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933-இல் விளையாட்டைப் பற்றி ஆற்றிய உரையில் ஓர் உதாரணம் வரும். நிஜமாகவே அக்கா தங்கையான இரண்டு சிறுமிகள் 'அக்கா தங்கை' விளையாட்டு விளையாடுகிறார்கள். மற்ற நேரத்தில் அவர்கள் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை, பாட்டுக்கு இருப்பார்கள், சண்டை போடுவார்கள். விளையாட்டு என்று வந்ததும் 'அக்கான்னா எப்படி இருக்கணும்?' என்ற கேள்வி வந்துவிடுகிறது. கையைப் பிடித்துக்கொள்கிறார்கள், ஒரே மாதிரி பேசுகிறார்கள். விளையாட்டில் இஷ்டப்படி எதுவும் செய்யலாம் என்று பெரியவர்கள் நினைக்கிறோம். ஆனால் அம்மா வேஷம் போட்ட பிள்ளை, பாப்பா அழுதால் தூக்கித்தான் ஆக வேண்டும். வேஷத்துக்கென்று ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, பிள்ளை அதற்குத் தானாகவே கட்டுப்படுகிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

விளம்பரங்கள் சொல்லும் அளவுக்குச் சொல்லவில்லை என்பதே நேர்மையான பதில்.

பாவனை விளையாட்டுப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக உளவியலாளர் ஏஞ்சலின் லில்லார்டும் அவரது குழுவினரும் அலசி, 2013-இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். 'பாவனை விளையாட்டால்தான் பிள்ளைகளின் அறிவும் சமூகத் திறனும் வளர்கின்றன' என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு அந்த ஆய்வுகள் வலுவாக இல்லை என்பது அவர்களின் முடிவு. அதிகம் விளையாடும் பிள்ளைகள் அடுத்தவரைப் புரிந்துகொள்கிறார்கள் என்பது சரிதான். ஆனால் எதனால் எது வந்தது? விளையாடியதால் புரிதல் வந்திருக்கலாம். புரிதல் உள்ள பிள்ளை அதிகம் விளையாடியிருக்கலாம். பேசிப் பழகும் வீடு இரண்டையும் தந்திருக்கலாம்.

அடுத்து வந்த ஒரு பரிசோதனை இன்னும் கவனமாக நடந்தது. தாலியா கோல்ட்ஸ்டைன், மேத்யூ லெர்னர் என்ற இரு ஆய்வாளர்கள், வருமானம் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த 4 வயதுப் பிள்ளைகள் 97 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு விலங்காகவும் மனிதராகவும் நடித்து விளையாடியது. இன்னொன்று கட்டைகளை அடுக்கியது. மூன்றாவது கதை கேட்டது. 2018-இல் அச்சான இந்த ஆய்வில், நடித்து விளையாடிய பிள்ளைகளுக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் தனி முன்னேற்றம் தெரிந்தது: தன் உணர்ச்சியைத் தானே அடக்கி ஆளும் திறன்.

'இவ்வளவுதானா?' என்று தோன்றலாம். ஆனால் இரக்கத்துக்கு இது ரொம்ப முக்கியம். பக்கத்துப் பிள்ளை கீழே விழுந்து அழுகிறது. பார்க்கிற பிள்ளைக்கும் அழுகை வருகிறது. தன் பதற்றத்தைத் தாங்க முடியாத பிள்ளை ஓடிப்போய் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும், அல்லது காதைப் பொத்திக்கொள்ளும். அந்தப் பதற்றத்தைக் கொஞ்சம் அடக்கத் தெரிந்த பிள்ளைதான் கிட்டப் போய், 'வலிக்குதா?' என்று கேட்கும். இரண்டு பிள்ளைகளுக்கும் மனசு ஒன்றுதான்.

வேல்ஸின் கார்டிஃப் பல்கலைக்கழகம் 2020-இல் வெளியிட்ட ஆய்வையும் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். 4 முதல் 8 வயது வரையிலான 33 பிள்ளைகள் பொம்மை வைத்து விளையாடும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். தனியாக விளையாடும்போதுகூட, மற்றவர்களைப் பற்றி யோசிக்கப் பயன்படும் பகுதி வேலை செய்தது. டேப்லட்டில் தனியாக விளையாடும்போது அந்த அளவுக்கு இல்லை. நல்ல செய்திதான். ஆனால் அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பார்பி பொம்மை விற்கும் நிறுவனம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மூளையில் ஒரு பகுதி வேலை செய்தது என்பதாலேயே பிள்ளை மறுநாள் பள்ளியில் இரக்கமாக நடந்துகொண்டது என்று ஆகிவிடாது.

இன்னொன்று. இரக்கத்தின் விதை பாவனை விளையாட்டுக்காகக் காத்திருப்பதில்லை. பெலிக்ஸ் வார்னகன், மைக்கேல் டொமாசெல்லோ இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், துணி காயப்போடும் ஆள் கிளிப்பைத் தவறவிட்டு எட்டாமல் தவிப்பதுபோல நடித்தார். யாரும் சொல்லாமலே ஒன்றரை வயதுப் பிள்ளைகளில் பலர் தத்தித் தத்திப் போய் அதை எடுத்துக் கொடுத்தார்கள். ஆக, பிள்ளைக்கு இரக்கத்தை வெளியிலிருந்து ஊற்ற வேண்டியதில்லை. ஏற்கெனவே இருப்பது யார் யார் வரைக்கும் நீளும், யாரிடம் நின்றுபோகும் என்பதுதான் கேள்வி.

இதெல்லாம் நமக்குப் புதுசா?

இல்லை. மணலில் சிறு வீடு கட்டி, மணலையே சோறாக்கி விளையாடுவதைச் 'சிற்றில்', 'சிறுசோறு' என்று தமிழ் இலக்கியம் பெயர் வைத்தே சொல்கிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் 'சிற்றில்' என்று ஒரு பருவமே உண்டு. பெண் பிள்ளைகள் கட்டிய மணல் வீட்டை மிதித்துக் கலைக்க வருகிறான் பாட்டுடைத் தலைவனான சிறுவன். 'எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே' என்று அவர்கள் கெஞ்சுவதாகப் பாடல்கள் அமையும். அவன் கண்ணுக்கு அது வெறும் மணல். கட்டியவர்களுக்கு அது வீடு. ஒருவருக்கு மணலாகத் தெரிவது இன்னொருவருக்கு வீடாக இருக்கலாம் என்பதை இதைவிட எளிதாகப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் கதையைப் பள்ளியில் படிக்காதவர்கள் குறைவு. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லி மலையை ஆண்டதாகச் சொல்லப்படும் வல்வில் ஓரியோடு, கடையெழு வள்ளல்கள் வரிசையில் நிற்பவர் அவர். மயிலுக்குக் குளிருமா என்று விடை தெரிந்துகொண்டு அவர் போர்த்தவில்லை. குளிருமோ என்று நினைத்துப் பார்த்தார், போர்த்தினார். கரடிப் பொம்மைக்குக் காய்ச்சல் என்று துணி போர்த்துகிற மூன்று வயதுப் பிள்ளை செய்வதும் அதையேதான்.

சேலம் மாவட்டத்தின் மேற்குப் பக்கம் இன்னும் கோயில் திருவிழாக்களில் விடிய விடியத் தெருக்கூத்து நடக்கிறது. மேட்டூர் வட்டம் ஏர்வாடியிலிருந்து எழுத்தாளர் மு.ஹரிகிருஷ்ணன் நடத்தும் சிற்றிதழின் பெயர் 'மணல்வீடு'. கூத்துக் கலைஞர்களைப் பற்றி அது தொடர்ந்து எழுதிவருகிறது. கூத்தில் ஆண்கள்தான் காலங்காலமாகப் பெண் வேஷம் கட்டியிருக்கிறார்கள். திரௌபதியின் துகிலைப் பிடிக்கும் காட்சிக்கு முன்னால், துச்சாதனன் வேஷம் கட்டியவர் கற்பூரம் ஏற்றி வணங்கி, மன்னிப்புக் கேட்கும் வழக்கம் கூத்தில் உண்டு. வேஷம்தான், இருந்தாலும் எதிரில் நிற்பவருக்கு வலிக்கும் என்பது பெரியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. குச்சி பிடித்த குட்டி டீச்சருக்கு அதை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

'நாமக்கல் ஸ்கூல்' ஊரில் விளையாட நேரம் ஏது?

1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்லுக்கு முட்டை, லாரி பாடி கட்டும் தொழில் ஆகியவற்றோடு இன்னொரு அடையாளமும் உண்டு: விடுதியோடு இருக்கும் தனியார் பள்ளிகள். 'நாமக்கல் ஸ்கூல்ல சேர்த்துட்டோம்' என்பது ஒரு காலத்தில் தமிழ்நாடு முழுக்கப் பெற்றோர் பெருமையாகச் சொன்ன வார்த்தை. அதையே கிண்டலாக 'பிராய்லர் பள்ளி' என்று சொன்னவர்களும் உண்டு. கோழிப் பண்ணைகளின் ஊரில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. 2017-இல் தமிழ்நாடு அரசு பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. அதே ஆண்டு நீட் வந்தது. போட்டி வேறு பலகைக்கு மாறியது, குறையவில்லை.

அந்த அவசரம் இப்போது எல்.கே.ஜி. வரை இறங்கியிருக்கிறது. 'மூணு வயசாச்சு, இன்னும் ஏ, பி, சி எழுதலையா?' என்ற கேள்வி, பிள்ளையைப் பார்த்ததும் வருகிறது. பிள்ளை ஆசை ஆசையாகப் பொம்மைக்குச் சோறு ஊட்டுவதைப் பார்த்து யாரும் 'அட, நல்லா வளருதே' என்று சொல்வதில்லை.

கொள்கைகள் விளையாட்டுக்கு எதிராக இல்லை. 2022-இல் மத்திய அரசு வெளியிட்ட அடித்தள நிலைக் கலைத்திட்டம், 3 முதல் 8 வயது வரை விளையாட்டு வழியேதான் கற்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அவற்றின் முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் தொடக்க வகுப்புகளில் கதை, பாட்டு, பொம்மலாட்டம், நடிப்பு என்று செயல்பாடுகள் வழியே கற்றுக்கொடுக்கச் சொல்கிறது. சம்பளம் கட்டிப் படிக்கிற பள்ளியில் கிடைக்காத விளையாட்டு, பக்கத்துத் தெரு அங்கன்வாடியில் கிடைக்கலாம். இருந்தும் 'அங்க என்ன, சும்மா விளையாடிட்டு வருதுங்க' என்று சொல்லும் பெற்றோர்தான் அதிகம்.

வீட்டு நிலைமை இன்னொரு பக்கம். அப்பா லைனில், அம்மா தறியில் அல்லது கொலுசுப் பட்டறையில். இல்லையென்றால் இருவரும் ஐ.டி. வேலையில், பிள்ளை அம்மாயி வீட்டில். சாயங்காலம் எல்லாருக்கும் களைப்பு. போனைக் கொடுத்தால் பிள்ளை அமைதியாகிவிடும். அந்த போனில் ஓடுவது பெரும்பாலும் வேறு யாரோ ஒரு பிள்ளை பொம்மை வைத்து விளையாடும் வீடியோ. தான் விளையாட வேண்டிய நேரத்தில் அடுத்த பிள்ளை விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 2 முதல் 4 வயதுப் பிள்ளைக்குத் திரை நேரம் நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்.

யாருக்கு எந்த வேஷம்? இங்கேதான் சிக்கல்

பாவனை விளையாட்டு கண்ணாடி மாதிரி. வீட்டிலும் தெருவிலும் இருப்பதைத்தான் காட்டும். அங்கே இரக்கம் இருந்தால் இரக்கம் வரும். அதிகாரம் இருந்தால் அதுவும் வரும்.

அமெரிக்காவில் 1940-களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி நடத்திய பொம்மைச் சோதனை உலகப் புகழ் பெற்றது. 3 முதல் 7 வயது வரையிலான கறுப்பினப் பிள்ளைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் கொடுத்து, 'இதில் நல்ல பொம்மை எது?' என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை சட்டவிரோதம் என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த ஆய்வு மேற்கோள் காட்டப்பட்டது. யாரும் பாடம் நடத்தாமலே அந்தப் பிள்ளைகள் அதைக் கற்றிருந்தார்கள். 'கறுப்பா இருக்கு, எனக்கு வேண்டாம்' என்று இங்கே ஒரு பிள்ளை பொம்மையைத் தள்ளும்போது, அதற்கும் யாரும் பாடம் நடத்தியிருக்க மாட்டார்கள்.

தெருவில் நடக்கும் விளையாட்டைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கவனித்தால் தெரியும். ஓனர் எப்போதும் ஒரே பையன். வேலைக்காரர் எப்போதும் இன்னொரு பையன். டாக்டர் ஆண் பிள்ளை, நர்ஸ் பெண் பிள்ளை. போலீஸ் ஆகிறவன் ஒருத்தன், திருடனாகவே இருக்கிறவன் ஒருத்தன். யாரை விளையாட்டில் சேர்ப்பது, யார் தொட்டால் 'அவுட்' என்று கத்துவது, யார் வீட்டுப் பிள்ளை வாசலோடு நிற்க வேண்டும் என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு வயதிலேயே அத்துபடி. பெரியவர்கள் சொல்லாமல் காட்டிக்கொடுத்தவை அவை.

இதன் முற்றிய வடிவம் உயர்நிலைப் பள்ளியில் வெளியே வருகிறது. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவர் ஒருவரை, அவர் வீட்டுக்கே போய்ச் சக பள்ளி மாணவர்கள் அரிவாளால் வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறுகளுக்குத் தடை, 6-ஆம் வகுப்பிலிருந்து வாரம் ஒரு பாடவேளை அறநெறிக்கு என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. நல்ல பரிந்துரைகள்தான். ஆனால் 6-ஆம் வகுப்புப் பிள்ளைக்கு வயது 11. 'நீ எப்பவும் வேலைக்காரன்தான்' என்ற வேஷத்தை அது ஐந்து வருஷமாகப் போட்டு முடித்திருக்கும். பாவனை விளையாட்டு சாதி வன்முறையைத் தடுத்துவிடும் என்று யாராவது சொன்னால் அது மிகை. ஆனால் அந்தப் பாடத்தின் முதல் பக்கம் தெருவில், நான்கு வயதில் எழுதப்படுகிறது என்பதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது.

அதனால்தான் 'விளையாட விடுங்க' என்ற அறிவுரை பாதிதான் சரி. வேஷம் மாற வேண்டும். எப்போதும் அடிக்கிற பிள்ளை அடி வாங்குகிற இடத்தில் உட்கார வேண்டும். எப்போதும் நோயாளியாகப் படுத்திருக்கும் பிள்ளை ஸ்டெதஸ்கோப்பை மாட்ட வேண்டும். இந்த மாற்றம் தானாக எப்போதாவதுதான் நடக்கும். பெரியவர்களின் சின்னத் தள்ளு அதற்குத் தேவை.

பெரியவர்கள் என்ன செய்யலாம்?

1. மேலிருந்து கண்டிக்காமல், உள்ளே போய் நடிக்கலாம். குச்சியைப் பிடுங்கி, 'அடிக்கக் கூடாது கண்ணு' என்று புத்தி சொன்னால் விளையாட்டு அங்கேயே செத்துவிடும். அப்பாவோ அம்மாவோ மாணவராகப் போய் உட்காரலாம். "டீச்சர், நேத்து ராத்திரி எனக்கு வயிறு வலிங்க டீச்சர், அதான் எழுதல" என்று சொல்லிப் பார்க்கலாம். முதல் நாள் 'பொய் சொல்லாத, கையை நீட்டு' என்றே பதில் வரலாம். பரவாயில்லை. நாலு நாள் கழித்து 'சரி, மாத்திரை போட்டியா?' என்று கேட்கும் நாள் வரும்.

2. சுற்று மாற்றலாம். "இப்ப குட்டிப் பாப்பா டீச்சராம், அக்கா ஒண்ணாங்கிளாஸாம்" என்று சொன்னால் போதும். ஓனரும் கிளீனரும் இடம் மாறட்டும். தம்பி பொம்மையைத் தூங்கவைத்தால் 'பொட்டப்புள்ளயா நீ?' என்று கேட்கும் அப்புச்சிக்கும் ஒரு வேஷம் கொடுக்கலாம். பாப்பாவாகப் படுத்துக்கொள்ளச் சொன்னால் பெரும்பாலும் அவரே சிரித்துவிடுவார்.

3. பதில் சொல்லாமல் கேள்வி கேட்கலாம். "கரடிக்குக் காய்ச்சலாம் சாமி, என்ன பண்ணலாம்?" என்பது நல்ல கேள்வி. 'கரடிக்கு மருந்து கொடு' என்பது கட்டளை. முதலாவதில் பிள்ளை கரடியாக ஒரு நிமிஷம் மாறிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

4. புது ஆளை உள்ளே கொண்டுவரலாம். பஸ் விளையாட்டில் கோல் ஊன்றிய பாட்டி ஒருவர் ஏறட்டும். கண் தெரியாதவர் ஏறட்டும். 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 'ஓசி டிக்கெட்டா?' என்று முகம் சுளிக்கும் கண்டக்டரையும் பிள்ளை எங்கேயோ பார்த்திருக்கும், நடித்தும் காட்டும். அங்கே பாட்டி வேஷத்தில் இருக்கும் அம்மா, "ஏனுங்க தம்பி, அப்படிக் கேட்டா மனசுக்குக் கஷ்டமா இருக்குதுங்களே" என்று சொன்னால், அது பத்து நிமிஷ அறிவுரைக்குச் சமம்.

5. விளையாட்டிலிருந்து நிஜத்துக்கு ஒரு படி. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, இந்தியாவில் பல ஆண்டுகள் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மரியா மாண்டிசோரி, கற்பனை விளையாட்டைவிட நிஜ வேலையைத்தான் பெரிதாக நினைத்தார். பிள்ளைக்கு நிஜக் கூஜா, நிஜத் தண்ணீர், நிஜத் துடைப்பம் வேண்டும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பொம்மைக்குத் தண்ணீர் கொடுத்த பிள்ளை, வெயிலில் வந்த கூரியர்காரருக்கும் ஒரு சொம்பு கொண்டுபோய்க் கொடுக்கட்டும். இரண்டும் ஒரே நாளில் நடந்தால் பாடம் நிற்கும்.

6. படம் பிடிக்க வேண்டாம். போனைத் தூக்கிய நிமிஷம் பிள்ளை உங்களுக்காக நடிக்க ஆரம்பித்துவிடும். 'ஸாரி சொல்லு, ஸாரி சொல்லு' என்று வற்புறுத்துவதும் இப்படித்தான். வார்த்தை வரும், மனசு வராது.

விலை உயர்ந்த பொம்மை எதுவும் வேண்டாம். நாலு கொட்டாங்குச்சி, ஒரு பழைய துண்டு, பெரியவர் ஒருவரின் இருபது நிமிஷம். இதில் கிடைப்பது கஷ்டம் அந்தக் கடைசிப் பொருள்தான்.

எதில் கவனம் வேண்டும்?

பேயாக, திருடனாக, வில்லனாகப் பிள்ளை நடித்தால் பயப்பட வேண்டியதில்லை. சாவு விளையாட்டு, சண்டை விளையாட்டு எல்லாம் இயல்புதான். பயத்தை அது அப்படித்தான் பழக்கப்படுத்திக்கொள்கிறது. ஆனால் சந்தோஷமே இல்லாமல், ஒரே வன்முறைக் காட்சியையோ உடலைத் தொடும் காட்சியையோ பிள்ளை திரும்பத் திரும்ப நடித்தால் அதை விளையாட்டு என்று விடக் கூடாது. அது எதையோ சொல்ல வருகிறது. குழந்தைகள் நல மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்ப்பது நல்லது. ஆபத்து என்று தோன்றினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலர் பாவனை விளையாட்டில் ஆர்வம் காட்டுவதில்லை. அதை வைத்து 'இரக்கம் இல்லாத பிள்ளை' என்று முடிவு கட்டுவது பெரிய அநியாயம். அவர்கள் அன்பைக் காட்டும் வழி வேறு.

'இரக்கப்பட்டா பிழைக்க முடியுமா?'

இந்தக் கேள்வியை வெளிப்படையாகக் கேட்காத பெற்றோரும் மனதுக்குள் கேட்கிறார்கள். கடன் வாங்கி லாரி எடுத்தவருக்கும், வட்டிக்கு வாங்கிப் பள்ளிக் கட்டணம் கட்டியவருக்கும் அந்தப் பயம் நியாயமானது. 'எம்புள்ள ஏமாந்துடக் கூடாது.'

அவர்களுக்கான பதில் மேலே சொன்ன ஆய்விலேயே இருக்கிறது. நடித்து விளையாடிய பிள்ளைகளுக்குக் கிடைத்தது உணர்ச்சியை அடக்கி ஆளும் திறன். பரீட்சை ஹாலில் கை நடுங்காமல் இருக்கவும், ஒரு மார்க் குறைந்தால் உடைந்துபோகாமல் இருக்கவும் அதே திறன்தான் வேண்டும். இளகிய மனசும் உறுதியான மனசும் எதிரெதிர்த் திசையில் இல்லை.

கடைசியாக அந்தக் குச்சி. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பிள்ளைகளை உடலாலும் மனதாலும் தண்டிப்பதைத் தடை செய்கிறது. 2010 ஏப்ரலில் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இன்றைக்கு வேப்பமரத்தடியில் டீச்சராக நிற்கும் பிள்ளை அதற்குப் பிறகு பிறந்தது. சட்டப்படி அது குச்சியைப் பார்த்தே இருக்கக் கூடாது. ஆனால் எதைத் தேட வேண்டும், எப்படிப் பிடிக்க வேண்டும், யாரை நீட்டச் சொல்ல வேண்டும் என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. பிள்ளையிடம் கேட்பதற்கு முன், அது எங்கே பார்த்தது என்று வீடும் பள்ளியும் தங்களையே கேட்டுக்கொள்ளலாம்.